பேஸ் கிற்றாரின் குமிழும் குளத்தின் துருசும்

மின் பேஸ் கிற்றாரின் முகப்பில் உள்ள இரண்டு அல்லது மூன்று குமிழ்களை, ஒலியைக் கூட்டித் தரும் உறுப்புகள் என்றே அதை வாசிப்போரிற் பலரும் எண்ணுகின்றனர். மின்கலம் பொருத்தப்படாத சாதாரண பேஸ் கிற்றாரில் அந்தக் குமிழ்கள் எதையும் கூட்டுவதில்லை. தந்தியின் அதிர்விலிருந்து பிறந்த மின் சமிக்ஞையில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிகுதியை வெளியே விடுவதே அவற்றின் முழு வேலையாகும். பழுதடைந்த குமிழை எந்தப் பெறுமானத்தால் மாற்றுவது, எந்த வயரை எந்தக் காலிற் பிடிப்பது, மாற்றிய பின் எழும் கோளாறை எங்கே தேடுவது ஆகிய கேள்விகளுக்கான விடைகள் யாவும் இந்த ஒரே உண்மையிலிருந்து பெறத்தக்கவை. இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களிலும் தேவாலயப் பெருநாள்களிலும் மேடையேறும் இசைக்குழுக்களுக்கு இந்த அறிவு கைக்கொள்ளத்தக்கது. மாதக்கணக்கான வரட்சியில் செம்மண் புழுதியையும், அதன் பின் வரும் வடகீழ்ப் பருவமழையின் ஈரத்தையும் மாறி மாறிச் சுமக்கும் கருவியில் முதலிற் கெடும் உறுப்புகளுள் ஒன்று இந்தக் குமிழின் அடியிலுள்ள மாறுந்தடையே.

தந்திக்கு அடியில் ஒரு டைனமோ

பேஸ் கிற்றார் மிக இளைய கருவி. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த போல் டட்மார்க் என்பவர் ஓடியோவொக்ஸ் என்ற பெயரில் மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றாராயினும், அது பரவவில்லை. கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்திய லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிசன் பேஸ் என்ற கருவியே, ஆளுயரப் பெருவயலினை மேடையிலிருந்து மெல்ல அகற்றியது. அதன் நான்கு தந்திகளும் திறந்த நிலையில் முறையே 41.2, 55, 73.4, 98 ஹேர்ட்ஸ் மீடிறனில் அதிர்கின்றன. மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையாகும். தமிழ்த் திரையிசையில் 1976இல் அன்னக்கிளி படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜா, இந்தக் கருவியைத் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிறுத்தாமல், பாட்டுக்கு அடியில் ஓடும் தனி மெட்டாகவே வளர்த்தார். அவருடைய பாடல்களை மேடையில் வாசிக்கும் எந்தக் குழுவும் பேஸ் கிற்றாரைத் தவிர்க்க இயலாமற் போனதற்கு அதுவே காரணமாகும்.

தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் உறுப்பு பிக்கப் எனப்படும். காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமயிரின் தடிப்பை ஒத்த எனாமல் பூசிய செப்புக் கம்பியை ஏறத்தாழ 10,000 சுற்றுகள் சுற்றியெடுத்த சுருளே அது. உருக்காலான தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது சுருளினூடாகச் செல்லும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. பாயம் மாறும்போது சுருளில் மின்னியக்க விசை தூண்டப்படும் என்பது 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த விதி. வன்னியில் நாற்பது வயதைக் கடந்த பலருக்கும் இந்த விதி பாடநூலுக்கு வெளியிலேயே அறிமுகமானது. 1990 தொடக்கம் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்த, மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்த அந்தக் காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. டைனமோவில் காந்தம் சுழல்கிறது, சுருள் அசையாது நிற்கிறது. பிக்கப்பில் காந்தமும் சுருளும் அசையாது நிற்கின்றன, இடையிலுள்ள தந்தி மட்டும் அசைகிறது. பாயத்தின் மாற்றமே மின்னைப் பிறப்பிக்கிறது என்ற அளவில் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. டைனமோ ஒரு சிறு மின்குமிழை எரிக்கப் போதிய வலுவைத் தருகிறது, பிக்கப்போ வோல்ற்றின் சிறு பின்னமொன்றையே, அதுவும் மிகச் சிறிய மின்னோட்டத்துடனேயே, தருகிறது. இந்தச் சிறிய சமிக்ஞையைச் சிதறவிடாமல் வெளியே கொண்டுசெல்வதே குமிழ்களைச் சூழ்ந்த வயர் இணைப்பின் நோக்கம்.

பங்கிடும் குமிழ்

வொலியூம் குமிழின் அடியில் இருப்பது, தொழில் செய்வோர் பொட் என்று சுருக்கமாக அழைக்கும் மாறுந்தடை. அதன் உள்ளே குதிரை இலாட வடிவில் ஒரு காபன் பாதை உள்ளது. பாதையின் இரு முனைகளும் இரு ஓரக் கால்களுடன் இணைந்திருக்க, குமிழைத் திருப்பும்போது அந்தப் பாதையின் மேல் வழுக்கிச் செல்லும் உலோக நாக்கு நடுக்காலுடன் இணைந்திருக்கிறது. ஓரக் கால்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட தடை எப்போதும் மாறாது, நாக்கிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் உள்ள தடையே மாறுகிறது.

இதை விளங்கிக்கொள்ள வன்னிக்குப் பழக்கமான குளத்து நீர்ப்பாசனம் உதவும். துருசிலிருந்து வரும் வாய்க்கால் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை வயலுக்கும் மற்றது வடிகாலுக்கும் போவதாகவும், பிரிவிடத்தில் ஒரு பலகையை இடமும் வலமுமாக நகர்த்தக்கூடியதாகவும் கொண்டால், பலகை ஒரு பக்கம் முழுதாக நகரும்போது நீர் எல்லாம் வயலுக்குப் போகும், மறுபக்கம் முழுதாக நகரும்போது எல்லாம் வடிகாலுக்குப் போகும். எந்த நிலையிலும் வாய்க்காலில் வந்ததைவிடக் கூடுதலாக ஒரு துளியும் வயலுக்குப் போகாது. பிக்கப்பிலிருந்து வரும் வயர் மாறுந்தடையின் ஓர் ஓரக் காலிலும், புவித்தொடுப்பு எனப்படும் பொதுக் கம்பி மற்ற ஓரக் காலிலும், வெளி வயரைச் செருகும் ஜாக்குக்குச் செல்லும் வயர் நடுக்காலிலும் பற்றாசு பிடிக்கப்படுகின்றன. நாக்கு பிக்கப் முனையைத் தொடும்போது முழு மின்னழுத்தமும் வெளியே செல்கிறது. புவி முனையைத் தொடும்போது வெளியீடு பூச்சியமாகிறது. இடையில் எங்கு நின்றாலும் அழுத்தம் அந்த விகிதத்தில் பங்கிடப்படுகிறது. இயற்பியல் பாடத்தில் அழுத்தப் பிரிப்பி என்ற பெயரில் வரும் சுற்று இதுவேயாகும்.

ஆயினும் மனிதச் செவி விகிதசமமாகக் கேட்பதில்லை. அழுத்தம் பாதியாகக் குறையும்போது செவிக்கு ஒலி சற்றே தணிந்ததாக மட்டும் படுகிறது. ஒலி பாதியானதாகத் தோன்றுவதற்கு அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இதன் பொருட்டே மாறுந்தடைகள் இரண்டு வகையாகச் செய்யப்படுகின்றன. பாதையின் தடை சீராகக் கூடும் நேர்கோட்டு வகையின் முதுகில் பெரும்பாலும் பி என்ற ஆங்கில எழுத்தும், தடை முதலில் மெல்லவும் பின்னர் விரைவாகவும் கூடும் மடக்கை வகையின் முதுகில் ஏ என்ற எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். மடக்கை வகையில் குமிழ் நடுவில் நிற்கும்போது நாக்குக்கும் புவி முனைக்கும் இடைப்பட்ட தடை, முழுத் தடையின் பத்தில் ஒரு பங்கை அண்டியதாகவே இருப்பதால், செவிக்கு ஒலி சீராகக் குறைவதாகத் தோன்றுகிறது. வொலியூமுக்கு நேர்கோட்டு வகையைப் போட்டுவிட்டால் குமிழின் பெரும்பகுதியில் மாற்றம் அதிகம் தெரியாமல், கடைசிச் சிறு திருப்பத்தில் ஒலி திடீரென அமுங்கிப்போகும். கடையில் இருப்பதை வாங்கிப் பொருத்தியவர்களுக்கு இது நன்கு அறிமுகமான முறைப்பாடு.

மேல் நீருக்கு ஒரு வான்

ரோன் குமிழின் வேலை இன்னும் நுட்பமானது. அங்கும் இருப்பது அதே மாறுந்தடைதான், அதனுடன் தொடராக ஒரு கொள்ளளவி, அதாவது கப்பாசிட்டர், சேர்கிறது. இரு உலோகத் தகடுகளுக்கிடையில் காவலிப் படலமொன்றை வைத்துச் செய்த கொள்ளளவி, மாறாத மின்னோட்டத்தை முற்றாகத் தடுத்து, மாறும் மின்னோட்டத்தை அதன் மீடிறனுக்கு ஏற்ப விடுகிறது. மீடிறன் கூடக் கூட அது தரும் எதிர்ப்புக் குறைகிறது. பேஸ் கிற்றாரில் வழக்கமாக இடப்படும் 0.047 மைக்ரோபரட் கொள்ளளவி, மிகத் தடித்த தந்தியின் அடிப்படை மீடிறனான 41 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 82,000 ஓம் எதிர்ப்பைத் தருகிறது. அதே கொள்ளளவி 3,000 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 1,130 ஓம் மட்டுமே தருகிறது.

பெருமழையில் குளம் நிரம்பும்போது வான் வழியாக மேல் நீர் பாய்ந்து போக, அடி நீர் அணைக்குள்ளேயே நிற்பதைப் போல, இந்தக் கொள்ளளவி உயர் மீடிறன்களைப் புவிக்கு வழியவிட்டுத் தாழ் மீடிறன்களைத் தங்கவிடுகிறது. தந்தியை விரல் சுண்டும்போது எழும் கீச்சொலி, விரற்பலகையின் கட்டின் மேல் தந்தி மோதும் உலோகச் சத்தம், ஒவ்வொரு சுரத்தின் மேலும் அமர்ந்திருக்கும் மேற்சுரங்கள் ஆகியவை எல்லாம் அந்த மேல் நீர். ரோன் குமிழ் அந்த வானின் கதவு. மாறுந்தடையின் முழுத் தடையும் குறுக்கே நிற்கும்போது கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது, கருவி துலக்கமாக ஒலிக்கிறது. தடை பூச்சியமாகும்போது கதவு முழுதாகத் திறந்து, உருண்டு திரண்ட அடியொலி மட்டும் மிஞ்சுகிறது. அடியொலி கூடிவிட்டதாக அப்போது தோன்றினாலும், அடியொலி கூடவில்லை, மேலொலி கழிந்திருக்கிறது.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. பிக்கப் வெறும் வாய்க்கால் அன்று. பல ஹென்றி தூண்டுதிறன் கொண்ட சுருளாதலால், அது தன்னுடன் இணையும் எந்தக் கொள்ளளவத்துடனும் சேர்ந்து ஒரு குறித்த மீடிறனிற் பரிவுறும், அதாவது அந்த மீடிறனைத் தூக்கிக் காட்டும். 5 ஹென்றி தூண்டுதிறனுள்ள சுருளுடன், ஐந்து மீற்றர் நீளமான வயரின் கொள்ளளவமும் சுருளின் சொந்தக் கொள்ளளவமும் சேர்ந்து 600 பிக்கோபரட் ஆகும்போது, பரிவு மீடிறன் ஏறத்தாழ 2,900 ஹேர்ட்ஸ். ரோன் குமிழை முற்றாகக் குறைத்து 0.047 மைக்ரோபரட்டை அதனுடன் நேரே இணைத்தால் அது ஏறத்தாழ 330 ஹேர்ட்ஸுக்கு இறங்குகிறது. நீண்ட வயரைப் பயன்படுத்தும்போது கருவியின் துலக்கம் மங்குவதும் இதே கணக்கினால்தான். வயரின் ஒவ்வொரு மீற்றரும் ஏறத்தாழ 100 பிக்கோபரட்டைச் சேர்ப்பதால், எவரும் திருப்பாத ஒரு ரோன் குமிழாக அந்த வயர் மாறிவிடுகிறது.

எதை வாங்குவது

ஒற்றைச் சுருளாலான பிக்கப்புக்கும் பிரிசிசன் வகையின் பிளந்த பிக்கப்புக்கும் 250 கிலோ ஓம் மாறுந்தடை வழக்கமானது. வொலியூம், ரோன் என்ற இரண்டும் உயர் மீடிறனில் பிக்கப்புக்குப் பக்கத்துப் பக்கமாக இணைந்த சுமைகளாதலால், இரண்டு 250 கிலோ ஓம் தடைகள் சேர்ந்து 125 கிலோ ஓம் சுமையாகின்றன. சுமை சிறிதானால் பரிவின் முனை மழுங்கி ஒலி கனிவாகும்; 500 கிலோ ஓம் மாறுந்தடைகளைப் போட்டால் சுமை 250 கிலோ ஓமாகி, முனை கூர்மையுற்று ஒலி பளிச்சிடும். எதிர் எதிராகச் சுற்றிய இரு சுருள்களை ஒரே கூட்டில் அடக்கிய ஹம்பக்கர் வகைக்கு 500 கிலோ ஓம் பெரும்பாலும் விரும்பப்படுகிறது. 1976இல் மியூசிக் மேன் நிறுவனம் வெளியிட்ட ஸ்டிங்ரே போல, உள்ளே 9 வோல்ற்று மின்கலமும் சிறு விரியலாக்கியும் கொண்ட கருவிகளின் விதி வேறு. அவற்றில் 25 அல்லது 50 கிலோ ஓம் மாறுந்தடைகளே பொருத்தமானவை. எனவே புதிதாக வாங்கும் முன் பழையதன் முதுகிற் பொறித்துள்ள எழுத்தையும் இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

பழைய அமெரிக்கக் கருவிகளில் அந்த முதுகு ஒரு சான்றாவணமும் ஆகும். அங்குள்ள இலக்க வரிசையின் முதல் மூன்றும் செய்த நிறுவனத்தையும், அடுத்து வருவன ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 137 என்பது சிற்றீஎஸ் நிறுவனத்தின் இலக்கம். 1376633 என்றிருந்தால், அந்த மாறுந்தடை 1966ஆம் ஆண்டின் 33ஆம் வாரத்தில் செய்யப்பட்டதாகும். மாறுந்தடை பின்னர் மாற்றப்படாதிருந்தால், கருவி அந்த வாரத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

மின் அளவைப் போலவே உடல் அளவும் பொருந்த வேண்டும். அமெரிக்க முறையில் அமைந்த மாறுந்தடையின் கழுத்து ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றர், ஆசிய நாடுகளிற் செய்யப்படும் விலை குறைந்த கருவிகளில் உள்ள சிறு மாறுந்தடைகளின் கழுத்து ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். பெரியதைச் சிறிய துளையிற் போட வேண்டுமானால் மரத்தையோ காப்புத் தகட்டையோ குடைய வேண்டும். தண்டும் அப்படியே: ஒன்று 6 மில்லிமீற்றர் தடிப்பில் 18 பற்களைக் கொண்டது, மற்றது சற்றுத் தடித்து 24 பற்களைக் கொண்டது; ஒன்றின் குமிழை மற்றதில் அடித்து ஏற்றினால் குமிழ் பிளந்துபோகும். கொள்ளளவியைப் பொறுத்தவரை, ஒரே பெறுமானமுள்ள மலிவான பொலியெஸ்ரர் வகையும் விலையுயர்ந்த எண்ணெய்க் கடதாசி வகையும் இந்தச் சுற்றில் ஒரே வேலையையே செய்கின்றன. 1950களின் பிரிசிசன் பேஸில் 0.1 மைக்ரோபரட் இருந்தது, பின்னர் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒலியில் தெரியும் வேறுபாடு இந்தப் பெறுமான வேறுபாடே.

பற்றாசு பிடிக்கும் ஒழுங்கு

ஒரு பிக்கப், ஒரு வொலியூம், ஒரு ரோன் கொண்ட பிரிசிசன் வகைச் சுற்று மிக எளியது. மாறுந்தடையைக் கவிழ்த்து, முதுகு மேல் நோக்கவும் மூன்று கால்களும் பார்ப்பவரை நோக்கவும் பிடித்தால், குமிழை வலமாகத் திருப்பும்போது நாக்கு இடப்பக்கக் காலை நோக்கி நகரும். ஆகவே வொலியூமின் இடக்காலில் பிக்கப்பின் உயிர் வயரும், நடுக்காலில் ஜாக்கின் நுனிக்குச் செல்லும் வயரும் அமைய, வலக்கால் மாறுந்தடையின் உலோக முதுகுடன் இணைக்கப்படுகிறது. அந்த இடக்காலிலிருந்தே இன்னொரு வயர் ரோன் மாறுந்தடைக்குச் செல்கிறது. ரோனின் நடுக்காலில் அந்த வயரைப் பிடித்து, வலக்காலிலிருந்து கொள்ளளவியை அதன் முதுகுக்குப் பிடித்தால், குமிழை இடமாகத் திருப்பும்போது மேலொலி கழியும். மூன்றாவது கால் வெறுமனே விடப்படும். இரண்டு முதுகுகளும், பிக்கப்பின் மறு வயரும், ஜாக்கின் உறையும், தந்திகள் ஊன்றி நிற்கும் பாலத்திலிருந்து வரும் கம்பியும் ஒரே புவித்தொடுப்பிற் கூடுகின்றன. பழையதைக் கழற்றும் முன் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்து வைப்பது, எந்த வரைபடத்தையும் விடப் பயன் தரும்.

இந்த வேலையில் புதியவர் தடுமாறும் இடம் மாறுந்தடையின் முதுகு. அது அகன்ற உலோகமாதலால் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே போகும். சிறு பற்றாசுக்கோலை நெடுநேரம் வைத்து அழுத்தினால், ஈயம் உருகும் முன் உள்ளேயுள்ள காபன் பாதை கருகிவிடும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த பற்றாசு 190 பாகை செல்சியஸை அண்டி உருகுவதால், முதுகைச் சாண்ட் பேப்பரால் உரசிப் பளபளப்பாக்கி, 40 வாட்டுக்குக் குறையாத கோலின் அகன்ற நுனியால் சில செக்கன்களில் வேலையை முடித்துவிட வேண்டும். பற்றாசுக் கம்பியின் நடுவில் பைன் மரப் பிசின் அடங்கியதையே வாங்க வேண்டும். தகரம் ஒட்டுவோர் பயன்படுத்தும் அமிலம் காலப்போக்கில் செப்பை அரித்துவிடும். நன்கு பிடித்த பற்றாசு பளபளப்பாக ஓடிப் படிந்திருக்கும். மங்கலாகத் திரண்டு நிற்பது உள்ளே ஒட்டாத குளிர்ந்த பற்றாசு.

மூடும் முன் பல்மானியால் சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ஜாக்கில் வயரைச் செருகி, அதன் மறுமுனையின் நுனிக்கும் உறைக்கும் இடையில் தடையை அளந்தால், வொலியூம் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் 10 கிலோ ஓம் பிக்கப் ஏறத்தாழ 9.6 கிலோ ஓம் காட்டும்; 250 கிலோ ஓம் மாறுந்தடை அதற்குப் பக்கவாட்டில் இணைந்திருப்பதே அந்தச் சிறு குறைவுக்குக் காரணம். குமிழை மெல்லக் குறைக்கும்போது அளவீடு இறங்காமல் 65 கிலோ ஓம் வரை ஏறி, அதன் பின்னரே பூச்சியத்தை நோக்கி இறங்கும். முதன்முறை அளப்பவர் இதைப் பழுதென்று எண்ணுவதுண்டு. நாக்கு பாதையின் நடுவில் நிற்கும்போது இரு பக்கமும் பெருந்தடை நிற்பதால் அளவீடு கூடுவது இயல்பு. ரோன் குமிழைத் திருப்பும்போது அளவீடு அசையக் கூடாது. அசைந்தால், மாறாத மின்னோட்டத்தைத் தடுக்க வேண்டிய கொள்ளளவி உள்ளே குறுக்கிணைந்து போயிருக்கிறது என்பது பொருள்.

1960இல் வெளிவந்த ஜாஸ் பேஸ் போன்று இரண்டு பிக்கப்புகளும் தனித்தனி வொலியூம்களும் கொண்ட கருவியில் ஒரு சிறு மாற்றம் வேண்டும். மேற்கூறிய முறையிலேயே இரண்டையும் இணைத்து நடுக்கால்களை ஒன்று சேர்த்தால், ஒரு குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும்போது அதன் நாக்கு பொது வெளியீட்டையே புவியில் இறக்கி, மற்றப் பிக்கப்பையும் ஊமையாக்கிவிடும். இதனால் அந்த வகையில் பிக்கப்பின் வயர் நடுக்காலிலும், வெளியீடு ஓரக் காலிலும் பிடிக்கப்படுகின்றன. அப்போது குமிழைக் குறைத்தால் அந்தப் பிக்கப் மட்டுமே புவியுடன் குறுக்கிணைகிறது. வெளியீட்டுக்கும் புவிக்கும் இடையில் மாறுந்தடையின் முழுத் தடையும் எஞ்சி நிற்கிறது.

இரைச்சல் எங்கிருந்து

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்ற சத்தம் கேட்டால் பாதையில் தூசு படிந்திருக்கிறது. மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் தெளிகருவியை மாறுந்தடையின் வாய்வழியே சிறிது விட்டு, குமிழை முப்பது நாற்பது தடவை அங்குமிங்கும் திருப்பினால் பெரும்பாலும் குணமாகும். மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விட்டால் அன்றைக்குச் சத்தம் நின்றாலும், எண்ணெய்ப் பசையில் புழுதி ஒட்டி அடுத்த திருவிழாவுக்குள் நிலைமை மோசமாகும். துப்புரவாக்கியும் கரகரப்பு நிற்காவிடின் பாதை தேய்ந்துவிட்டது, மாறுந்தடையை மாற்றுவதே வழி.

இடைவிடாத முரலொலி வேறு வகை. இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். மேடையைச் சுற்றியுள்ள வயர்களும் மின்மாற்றிகளும் அந்த மீடிறனிற் பரப்பும் காந்தப் புலத்தை, தந்தியின் அதிர்வை வாங்குவது போலவே சுருள் வாங்கிக்கொள்கிறது. மிகத் தடித்த தந்தியின் மூன்றாவது கட்டில் எழும் சுரம் 49 ஹேர்ட்ஸ் என்பதால், இந்த நாட்டில் முரலொலி அந்தச் சுரத்தைச் சற்றே உயர்த்திப் பாடியது போலிருக்கும். அம்பிளிபயரின் மின்வழங்கலிலிருந்து கசியும் 100 ஹேர்ட்ஸ் முரல், 98 ஹேர்ட்ஸில் ஒலிக்கும் மெல்லிய தந்தியை ஒத்திருக்கும். எந்தச் சுரத்தில் முரல்கிறது என்று செவியாற் கண்டாலே மூலம் பாதி பிடிபட்டுவிடும். வொலியூமைப் பூச்சியமாக்கும்போது முரல் நின்றால் கோளாறு கருவிக்குள் இருக்கிறது, தொடர்ந்தால் வயரிலோ அம்பிளிபயரிலோ இருக்கிறது. தந்தியைக் கை தொட்டதும் முரல் குறைவது பாலத்தின் புவித்தொடுப்பு ஒழுங்காக இருப்பதன் அடையாளம். தொட்டதும் கூடினால் அந்தக் கம்பி அறுந்திருக்கக்கூடும்.

அந்தக் கம்பி வாசிப்பவரின் உடலை மேடையின் மின்வழங்கலுடன் இணைக்கிறது என்பதையும் மறத்தலாகாது. ஜெனரேற்றரிலிருந்து மின்னெடுக்கும் மேடையில் புவித்தொடுப்பு இல்லாத இரு ஊசிச் செருகியால் அம்பிளிபயரை இணைத்து, ஒரு கை தந்தியிலும் உதடு ஒலிவாங்கியிலும் இருக்கும்போது பழுதொன்று நேர்ந்தால் அது உயிராபத்தாக முடியும். மூன்று ஊசிச் செருகியும், மண்ணில் ஆழ இறக்கிய புவித்தொடுப்புக் கோலும், கசிவு மின்னை உணர்ந்து துண்டிக்கும் ட்றிப் சுவிச்சும் எந்தக் குமிழையும் விட முந்திச் சரிபார்க்கப்பட வேண்டியவை.

இரண்டு மாறுந்தடைகள், ஒரு கொள்ளளவி, ஒரு ஜாக், ஒரு முழம் வயர் என்பவற்றால் முடிந்துவிடும் இந்தச் சுற்றில் தூண்டல், அழுத்தப் பிரிப்பி, மீடிறனுக்கேற்ற எதிர்ப்பு, பரிவு என உயர்தர இயற்பியலின் நான்கு பாடங்கள் அடங்கியுள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும், இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன; வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவற்றின் வாசலுக்குப் போகவுள்ள மாணவர் கையில் முதலிற் கொடுக்கத்தக்க பயிற்சிப் பொருளாக, கரகரக்கும் குமிழோடு ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய பேஸ் கிற்றாரை விடப் பொருத்தமானது எளிதிற் கிடைக்காது. தவறாகப் பிடித்தாலும் அந்தச் சுற்றில் எவரையும் தாக்கக்கூடிய மின் இல்லை, சரியாகப் பிடித்தால் அடுத்த திருவிழாவில் அது மேடையேறும். பாடசாலைகளின் இசை அறையும் விஞ்ஞான ஆய்வுகூடமும் ஒரு நாள் பிற்பகல் ஒரே மேசையில் அமர்ந்தாற் போதும்.